கல்யாணமா, பிரிவா, வீடா: தம்புச் செட்டித் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் மனு அடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், சீனியரிடம் கேட்கக் கூச்சப்படுவதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். வேளச்சேரி, பெரம்பூர், அம்பத்தூர், ஓஎம்ஆர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். சட்டம் சம்பந்தமான இடங்களைச் சீனியரிடம் படித்துக் காட்டித் திருத்தியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதை மட்டும் நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா, கோயில்ல தாலி கட்டிட்டோம். அதுவே கல்யாணம்தானே, எதுக்கு ரிஜிஸ்டர் பண்ணணும்?

இரண்டு பேரும் இந்து, வயது சரி, இரண்டு பேருக்கும் வேறு கல்யாணம் இல்லை என்றால் அது கல்யாணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதமாக இருந்தாலும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 90 நாளுக்குள் சாதாரணக் கட்டணம், அது தாண்டினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணம். கோயில் ரசீது, பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள், இவ்வளவுதான் வேலை. அந்தத் தாளின் அருமை பாஸ்போர்ட், விசா, மெடிக்ளெய்ம் என்று எங்காவது நிற்கும்போதுதான் தெரியும். அதைவிட, ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால் தெரியும்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. விசாவுக்கு அவசரம் என்று சான்றிதழை முதலில் வாங்கிக்கொண்டு சடங்கை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. தாலியும் வேண்டும், தாளும் வேண்டும்.

ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், நாலு ஃப்ரெண்ட்ஸ் போதும்னு நினைக்கிறோம். செல்லுமா?

செல்லும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்காகவே சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இவரை என் கணவராக, இவரை என் மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, ஏதாவது ஒன்று போதும். இதுதான் சுயமரியாதைத் திருமணம்.

வக்கீல் அறையில் நடந்த கல்யாணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்றில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கறிஞர் நண்பராக நின்று நடத்தி வைக்கலாம், வழக்கறிஞர் என்ற தகுதியில் கூடாது. எங்கள் அறையில் நடந்த முதல் கல்யாணத்துக்கு மாலை வாங்கப் பூக்கடைக்கு ஓடியது நான்தான். பெண் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து அதன் மேலேயே மாலையைப் போட்டுக்கொண்டாள். பதிவுக்குக் கொடுத்த போட்டோவிலும் அந்த நீல நாடா தெரியும்.

நான் இந்து, அவர் கிறிஸ்டியன். யாராவது ஒருத்தர் மதம் மாறித்தான் ஆகணுமா?

வேண்டாம். இதற்காகவே 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு செய்யலாம். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த பகுதியின் திருமணப் பதிவாளரிடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாளில் செல்லத்தக்க ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்றால், மூன்று சாட்சிகளோடு போய்க் கல்யாணம் செய்யலாம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆன்சைட் போய்விட்டு நான்காவது மாதம் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மனசார மாற விரும்புகிறவர் மாறட்டும், அது அவர் விருப்பம். கல்யாணத்துக்காக அவசரமாக மாறுவதை மட்டும் நான் தடுத்துப் பார்ப்பேன். வாரிசுரிமையில் அதற்குப் பின்விளைவு உண்டு. அப்புறம், இரண்டு வருடம் கழித்துச் சண்டை வரும்போது, உனக்காகத்தானே மாறினேன் என்ற பேச்சு முதலில் வந்து நிற்கும்.

அந்த நோட்டீஸைப் பார்த்துட்டு எங்க வீட்ல வந்து ஆட்சேபணை சொன்னா?

சொல்லலாம். ஆனால் சட்டம் ஏற்கிற காரணங்கள் கொஞ்சம்தான்: ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருப்பது, சுயமாகச் சம்மதம் சொல்ல முடியாத மனநிலை, வயது குறைவு (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), தடுக்கப்பட்ட உறவுமுறை. எங்களுக்குப் பிடிக்கவில்லை, சாதி வேறு, மதம் வேறு என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. பதிவாளர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

நடைமுறையில் ஆட்சேபணை மனு அபூர்வம். அந்த ஒரு மாதத்தில் செய்தி ஊருக்குப் போய்விடுவதுதான் உண்மையான கவலை. அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

வீட்டை விட்டு வந்துட்டேன். காணவில்லைன்னு போலீஸ்ல புகார் கொடுத்துட்டாங்க. இப்ப என்ன செய்யறது?

ஒளியாதீர்கள். உங்களுக்கு 18 முடிந்துவிட்டது என்றால் நீங்கள் காணாமல் போனவர் இல்லை, சொந்த விருப்பத்தில் வந்தவர். அதை எழுதிக் கையெழுத்திட்டு, வயதுச் சான்றின் நகலோடு காவல் நிலையத்தில் கொடுத்தால் அந்தப் புகார் அங்கேயே முடிய வேண்டும். தனியாகப் போகாதீர்கள், வழக்கறிஞரோடு போங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் முன்கூட்டியே போனில் படம் பிடித்து நண்பர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அசல் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்டு தவித்த பெண்கள் ஏராளம். வீட்டார் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாலும் பயப்பட வேண்டாம். யாரோடு போக விரும்புகிறாய் என்று நீதிபதி உங்களைத்தான் கேட்பார்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நான் வளவளவென்று எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். 2025 ஜூலையில் கொல்லப்பட்டவர் சென்னையில் ஐடி வேலை பார்த்தவர், சம்பவம் நடந்தது பாளையங்கோட்டையில். நகரத்தில் யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடாதீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது, வந்து பேசு என்று போன் வந்தால், பேச்சு சென்னையில், பொது இடத்தில், மூன்றாம் மனிதர் ஒருவரோடு நடக்கட்டும். சாதி மீறிய தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆபத்து தெரிந்தால் காவல் ஆணையருக்கோ எஸ்பிக்கோ யார் மீது பயம் என்று பெயர் எழுதி மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெண்களுக்கு 181 எண்ணும் இருக்கிறது.

பதினெட்டு ஆக இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள பண்ணிக்கலாமா?

கூடாது. ஒரு நாள் குறைந்தாலும் கூடாது. நீங்கள் சம்மதித்ததாகச் சொன்னாலும் அவர் மீது போக்சோ வழக்கு (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வரும், அவர் எதிர்காலமே போய்விடும். நான்கு மாதம் படியுங்கள், பேசுங்கள், காத்திருங்கள்.

யாருக்கும் சொல்லாம ரிஜிஸ்டர் பண்ணிட்டு அவங்கவங்க வீட்லயே இருக்கோம். இப்ப எனக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க. என்ன செய்ய?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் எங்கள் அலுவலகத்தில் அதிகம். தங்கைக்கு முடியட்டும், அப்பாவுக்கு ஆபரேஷன் முடியட்டும், அவருக்குப் பிரமோஷன் வரட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நிச்சயதார்த்தப் புடவை வாங்கிய பிறகு ஓடி வருகிறார்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி கல்யாணம் நடந்து பதிவும் ஆகியிருந்தால் நீங்கள் திருமணமானவர். இன்னொரு தாலி ஏறினால் அது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 82-ஆம் பிரிவில் குற்றமும் கூட, ஏழு வருடம் வரை சிறை. ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்த அந்த மாப்பிள்ளைக்கும் இது பெரிய அநியாயம்.

வழி இரண்டுதான். இந்தக் கல்யாணம் வேண்டும் என்றால் இந்த வாரமே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் முறைப்படி விவாகரத்து வாங்குங்கள். ரகசியமாகச் செய்ததை ரகசியமாகக் கிழித்துப் போட முடியாது. வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்றால், என் அனுபவத்தில் அம்மாவைவிட அத்தை, சித்தப்பா, பெரிய அண்ணன் மாதிரி ஒருபடி தள்ளி இருப்பவர் நல்லது. அவருக்கு அதிர்ச்சி குறைவு, யோசிக்க முடியும். ஒரு பெண் சொல்ல வாய் வராமல் சான்றிதழின் நகலை அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். அவர் அன்று மதியமே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மூன்று வருஷமா ஒரே வீட்ல சாப்பிட்டோமேம்மா, என்றுதான் என்னிடம் கேட்டார். கல்யாணம் அவரை அவ்வளவு வருத்தவில்லை, மறைத்து வைத்த அந்த மூன்று வருடம்தான் வருத்தியது.

லவ் மேரேஜ் பண்ணா சொத்துல பைசா கிடையாதுன்னு அப்பா சொல்றார். நிஜமா?

பாதி நிஜம். அவர் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், கேட்க முடியாது. எழுதாமல் காலமானால் மனைவி, அவர் தாயார், மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு, நீங்கள் யாரைக் கட்டிக்கொண்டீர்கள் என்பது கணக்கில் வராது. பூர்வீகச் சொத்து வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குப் பங்கு வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது இந்துக்களுக்கான கணக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு.

மதம் விட்டு, சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து நீங்கள் பிரிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பங்கு அதனால் பறிபோகாது. கோபத்தில் சிலர் விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம், நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டால் பேசுவோம் என்று. சமாதானம் ஆனால் போதும் என்று அழுதுகொண்டே போட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து இருக்கோம். போலீஸ் பிரச்சினை வருமா?

வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை. திருமணம் போன்ற உறவு என்று நிரூபிக்க முடிந்தால் பெண்ணுக்கு 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. எது திருமணம் போன்ற உறவு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் சொன்னது: கல்யாணத்துக்குரிய வயது, இருவருக்கும் வேறு துணை இல்லாமை, கணிசமான காலம் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தது. வார இறுதியில் தங்குவது அதில் சேராது. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஹவுஸ் ஓனரிடம் அண்ணன் தங்கை என்று பொய் சொல்லி வீடு பிடித்தால், நாளைக்கு அந்தப் பொய்யே உங்களுக்கு எதிரான சாட்சி.

நாங்க ரெண்டு பேரும் பெண்கள். எங்களுக்கு ஏதாவது வழி இருக்கா?

இன்றைக்குத் திருமணப் பதிவு கிடையாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. ஆனால் சேர்ந்து வாழ்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வீட்டார் காணவில்லை புகார் கொடுத்தால், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போலீஸ் தொந்தரவு செய்யாமல் முடிக்க வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே வழிகாட்டியது. முன்பு சொன்ன கடிதமும் வயதுச் சான்றும் இங்கேயும் உதவும். திருநங்கை ஒருவரும் ஆண் ஒருவரும் என்றால் நிலைமை வேறு. மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019-இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது, அவர்கள் பதிவே செய்யலாம்.

நீங்கள் இருவரும் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும். வங்கியில் நாமினி போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமைக்காரர் ஆகமாட்டார்.

ஒத்துவரலை. ரெண்டு பேரும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுக்கலாமா?

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இப்படி எழுதிக்கொண்டு, மறுமணமும் செய்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கோ பென்ஷனுக்கோ போய் மாட்டிக்கொண்டவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். வழக்கமாகவே அப்படிப் பிரியும் மரபு உள்ள சில சமூகங்களைத் தவிர, அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இந்து திருமணச் சட்டம் 13பி-யில் பரஸ்பர சம்மத மனு போடுங்கள். கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், ஒரு வருடமாகவாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம். பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்து, சேர வழியே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தளர்த்தலாம் என்று 2017-இல் வந்த தீர்ப்பு இருக்கிறது. தளர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை.

தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பேசிய பணத்தை ஒரே தவணையில் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள், கடைசி நாள் வரை இழுக்கவும் செய்யாதீர்கள். தவணையை மனுவிலேயே எழுதுங்கள்.

வீட்டு லோன் ரெண்டு பேர் பேர்லயும் ஓடுது. வேற வீடு எடுக்க வசதியில்ல, ஒரே ஃபிளாட்ல தனித்தனி ரூம்ல இருக்கோம். இது பிரிஞ்சு வாழறதா?

ஆகும். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் பொருள், ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் பிரிந்து வாழ முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. சென்னை வாடகைக்கு இந்தத் தீர்ப்பு எத்தனை பேருக்கு உதவுகிறது தெரியுமா? ஒரு தம்பதி பிரிட்ஜில் தட்டு பிரித்து வைத்திருந்தார்கள், மேல்தட்டு அவருக்கு, கீழ்தட்டு அம்மாவுக்கும் குழந்தைக்கும். மனுவில் எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டபோது, பால் பாக்கெட் இரண்டாகப் பிரித்து வாங்க ஆரம்பித்த மாதத்தைச் சொன்னார்கள்.

லோன் விஷயம் கவனம். நீதிமன்றம் யார் கட்ட வேண்டும் என்று எழுதினாலும் வங்கிக்கு நீங்கள் இருவரும் கடன்காரர்கள்தான். அவர் கட்டாவிட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஒருவர் வீட்டை எடுத்துக்கொள்வதாக இருந்தால், அவர் பெயருக்குக் கடனை மாற்ற வங்கி சம்மதிக்குமா என்று முதலில் கேளுங்கள், அதன் பிறகு மற்றவர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கட்டும். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வையில் சலுகை உண்டு. தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் குடும்பம் இல்லை, அதனால் பத்திரத்தை எப்போது எழுதுவது என்று வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

குழந்தை யார்கிட்ட இருக்கும்? நகையைத் திருப்பித் தரமாட்டேங்கறாங்க, கேட்கலாமா?

நகை முதலில். பெண்ணுக்குப் போட்டது பெண்ணுக்கே. மாமியார் வீட்டு லாக்கரில் இருந்தாலும் அது அவள் சொத்து, கேட்டும் தராவிட்டால் நம்பிக்கை மோசடி. 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இதில் சந்தேகமே இல்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்து வையுங்கள், எந்த நகை என்று காட்ட அதுதான் கைகொடுக்கும்.

குழந்தை விஷயத்தில் அதன் நலன்தான் முதலில். ஐந்து வயதுக்குள் சாதாரணமாக அம்மாவிடம். மற்றவருக்குப் பார்க்கும் உரிமை கண்டிப்பாக உண்டு, ஜீவனாம்சம் தரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருக்க முடியாது. உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றத்தில் குழந்தையைப் பார்க்க வருகிற அப்பாக்களைப் பாருங்கள், பொம்மையும் பையுமாக அரை மணி முன்பே வந்து நிற்பார்கள். அந்த அறையில் ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட, பிறந்தநாள் யாரிடம், தீபாவளி யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருவரும் இருப்பார்களா என்பது வரை நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கும்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு 56. வாக்கிங்ல பழகின ஒருத்தரைக் கட்டிக்கறேன்னு சொல்றாங்க. அப்பா சொத்து என்ன ஆகும்?

பிள்ளைகள் முதலில் சொத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, பதிலும் எளிது. அப்பா காலமான அன்றே அம்மாவுக்கு வந்த பங்கு அவருக்கே சொந்தம், மறுமணத்தால் அது போகாது, உங்கள் பங்கும் குறையாது. ஆனால் அப்பா அரசு ஊழியராக இருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தால், மறுமணத்தோடு அது பெரும்பாலும் நின்றுவிடும். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பயமுறுத்த அல்ல, கணக்குப் போட்டுக்கொள்ள. நாளைய சண்டை வேண்டாம் என்றால் புதிதாகச் சேர்பவரும் அம்மாவும் ஆளுக்கொரு உயில் எழுதட்டும்.

போன வருடம் இப்படி ஒரு அம்மாவுக்குப் பதிவு நடந்தது. மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மகன் வரவில்லை, அதைச் சொல்லும்போது அந்த அம்மா கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். சாயந்திரம் பெட்டி, மிக்ஸி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மயிலாப்பூரிலிருந்து குரோம்பேட்டைக்கு ஏற்றிப் போகக் குட்டியானை பிடித்து அனுப்பியது அந்த மகன்தான் என்று அப்புறம் போனில் சொன்னார்.